கடிகாரக்காரன் வரும் நேரம்

பரிசாகக் கிடைத்த பூதக்கண்ணாடியை எங்கள் மேஜை மேல் வைத்துவிட்டு, "இதுதான் என் சாட்சி" என்றார் கணக்கு டீச்சர்.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் புகைப்படம் கொண்டுவருவார்கள், கசங்கிய கடிதம் கொண்டுவருவார்கள், பாதிப் பேர் அழுகையை மட்டும் கொண்டுவருவார்கள். துப்பறிகிறவர்களிடமே பூதக்கண்ணாடியை நீட்டியவர் இவர் ஒருவர்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. நான் அதை எடுத்து அதன் வழியாக அண்ணியைப் பார்த்தேன். மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"கீழே வைங்க தம்பி."

அண்ணி என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். திட்டும்போதும் மரியாதை குறையாது. அதனால் இரண்டு மடங்கு வலிக்கும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். எரியாத கடை எரிந்தது என்றும், தொலையாத நகை தொலைந்தது என்றும் எழுதிக் கொடுக்கிறவர்களைப் பன்னிரண்டு வருஷம் எதிரே உட்காரவைத்துப் பேசியவர். பிறகு அந்த வேலையை உதறிவிட்டு, தையல் கடை மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தார். மூன்று வேலைகளில் நிலைக்காத என்னை, "வீட்ல சும்மா இருக்கிறதுக்கு இங்க வந்து சும்மா இருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டார்.

டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். நாற்காலியை மேஜைக்கு நேராக இழுத்துப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார். எங்கள் காலண்டர் கோணலாகத் தொங்குவதை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை பொறுக்க முடியாமல் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை," என்றார். "பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த ஸ்கூல். எனக்கு வேலை இருக்கா, போச்சான்னு நாளைக்குத் தெரிஞ்சிடும்."

விஷயம் இதுதான். ஆண்டுத் தேர்வின் கணக்குக் கேள்வித்தாள் கட்டு பள்ளிக்கூடத்து இரும்பு பீரோவில் இருந்தது. பீரோ கதவின் மேல் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட முத்திரைக் காகிதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாட்ச்மேன் சுற்றி வந்தபோது அது ஒழுங்காக இருந்தது. பதினொன்றரைக்கு மறுபடி வந்தபோது அதே காகிதம் ஈரமாக இருந்தது. யாரோ பிரித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். பூட்டு உடையவில்லை. பீரோவுக்குச் சாவி ஒன்றே ஒன்று. அது தேர்வுப் பொறுப்பில் இருந்த இந்த டீச்சரிடம்.

"அந்த நேரத்துல நான் படம் பார்த்துட்டு இருந்தேன்," என்றார் டீச்சர்.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் ஒரு திரைப்படச் சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்கு ஒரு வெளிநாட்டு மர்மப் படம். கைப்பை, ஃபோன் எல்லாவற்றையும் கவுண்டரில் கொடுத்துவிட வேண்டும். இடைவேளையில் ஒவ்வொருவரும் தன் டிக்கெட்டின் பின்பக்கம் கொலைகாரன் யார், ஏன் அப்படி நினைக்கிறேன் என்று எழுதிக் கவுண்டர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். படம் முடிந்ததும் பெட்டியைத் திறப்பார்கள். சரியாக எழுதியவருக்குப் பரிசு.

"நாப்பத்தொரு பேர்ல நான் ஒருத்திதான் சரியா எழுதினேன். படத்தைப் பார்க்காம எப்படி எழுத முடியும்?"

"யாரு கொலைகாரன்?" என்று நான் கேட்டேன்.

"கடிகாரம் ரிப்பேர் பண்ண வர்ற ஆள்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் அண்ணி.

அதுவரை இறுகியிருந்த டீச்சரின் முகம் அப்போதுதான் இளகியது. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "இடைவேளைக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் வருவான். சாயங்காலம், ஹால்ல இருட்டு. பையை வெச்சுட்டுக் கையை நீட்டி விளக்கைப் போடுவான். அவ்வளவுதான். எல்லாரும் அந்த வீட்டம்மா அழறதைப் பார்த்துட்டு இருப்போம். ஆனா அந்த வீட்டுல சுவிட்ச் அலமாரிக்குப் பின்னாடி இருக்கு. முதல் தடவை வர்றவனுக்கு அது எப்படித் தெரியும்? நம்ம கண்ணு முன்னாடியே வெச்சிருக்காங்க. மறைக்கவே இல்லை. அதுதான் அந்தப் படத்தோட அழகு."

"படத்தை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"இல்லை," என்றார் டீச்சர். பூதக்கண்ணாடியின் கைப்பிடியை மேஜை ஓரத்துக்கு இணையாகத் திருப்பி வைத்தார்.

அவர் கேட்டது எளிமையான வேலை. கைப்பையில் இருந்த சாவியைக் கவுண்டரிலிருந்து யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அவருக்குச் சந்தேகம் உதவித் தலைமையாசிரியர் மேல். அவரும் சங்கத்து உறுப்பினர், தேர்வுப் பொறுப்பின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். எது எப்படியோ, தான் அரங்கத்தில்தான் இருந்தேன் என்று நாங்கள் விசாரித்து ஓர் அறிக்கை கொடுத்தால் போதும்.

அவர் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனதும், "பாவம், நேர்மையான மனுஷி" என்றேன்.

"சாட்சியைக் கையோட எடுத்துட்டு வர்றவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் பயம் தம்பி," என்றார் அண்ணி. "வண்டியை எடுங்க."

*

உதவித் தலைமையாசிரியரைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. இவர் மீசை இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டு பேசினார்.

பீரோவைக் காட்டினார். முத்திரைக் காகிதம் காய்ந்து சுருங்கி, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது.

"எத்தனை தாள் காணோம்?" என்றார் அண்ணி.

"ஒண்ணும் காணோம். நூத்திப் பன்னெண்டு இருக்கணும், நூத்திப் பன்னெண்டும் இருக்கு. எண்ணிட்டுக் கட்டிட்டோம். உள்ளே யாரும் படிக்கலை, படிக்கவும் கூடாது. ஃபோன்ல படம் எடுத்துட்டுப் போயிருப்பாங்க, வேறென்ன?"

"நீங்க அந்த நேரத்துல எங்கே?" என்று நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். இந்தக் கேள்விக்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறேன்.

"படத்துலதான். டிரைவர்தான் கொலைகாரன்னு எழுதிப் போட்டேன். மண்ணைக் கவ்வினேன்." அவர் வருத்தம் நிஜமாகவே இருந்தது. "ஆனா அந்த அம்மா சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரங்க. தொந்தரவும் ஜாஸ்தி. போன வாரம்கூட வந்து நின்னாங்க, கேள்வித்தாள்ல ஏதோ தப்புன்னு. அச்சாகிக் கட்டி முத்திரை வெச்சாச்சு. ஹெச்.எம். ஊர்ல இல்லை. விடுங்க, எல்லாருக்கும் அஞ்சு மார்க் போட்டுடலாம்னேன். அதுக்கு என்னைப் பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை."

வெளியே வந்ததும், "இவன்தான் அண்ணி. மடியில கனம் இருக்கு. எவ்வளவு சகஜமா பேசறான் பாருங்க" என்றேன்.

"மடியில கனம் இருந்தா பயம்தானே வரணும், சகஜம் எப்படி வரும்?"

"அது பழைய காலத்து மடி."

அண்ணி பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடந்தார். பின் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டுக்குப் பூட்டு இருந்தது; துரு பிடித்து, திறந்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து சங்கத்துக்கு நடந்தோம். என் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம்.

*

திரைப்படச் சங்கம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி, அறுபது நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை. வேலைக்கு ஒரே ஆள். கவுண்டரில் பையை வாங்கி டோக்கன் கொடுப்பதும் அவர்தான், கதவைச் சாத்திவிட்டு மேலே ஓடிப்போய்ப் படம் ஓட்டுவதும் அவர்தான். ஆப்பரேட்டர் என்று கூப்பிட்டார்கள்.

"அப்போ படம் ஓடும்போது கவுண்டர்ல?" என்றார் அண்ணி.

"யாரும் இல்லைங்க." டோக்கன்களை மறுபடி எண்ண ஆரம்பித்தார். "சாவி இங்கேருந்துதான் போச்சுன்னு பேச்சு வருதாமே. இந்தக் கட்டடத்துலயேதான் பின்னாடி குடியிருக்கேன். பேர் கெட்டா வேலையோட வீடும் போயிடும். நான் ஒரு பையையும் திறந்ததில்லைங்க."

குற்றவாளிகளும் இதே வசனத்தைத்தான் சொல்வார்கள். நான் அவரையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். அண்ணி சீட்டுப் பெட்டியைக் கேட்டார்.

நாற்பத்தொரு சீட்டுகளையும் கவுண்டர் மேல் பரப்பினோம். ஒவ்வொன்றிலும் உறுப்பினர் எண், கொலைகாரன், காரணம். முப்பத்து மூன்று சீட்டில் டிரைவர். உதவித் தலைமையாசிரியரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். ஏழு சீட்டில் டாக்டர், தங்கை என்று ஆளுக்கொன்று. ஒரே ஒரு சீட்டில், அச்சடித்தது போன்ற கையெழுத்தில்: 'கடிகாரம் பழுது பார்ப்பவர். முதல் முறை வந்த வீட்டில் சுவிட்ச் இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.'

"முப்பத்து மூணு பேர் ஒரே குழியில விழுந்திருக்காங்க. டீச்சர் மட்டும் தாண்டிட்டாங்க. மூளைன்னா இது மூளை," என்றேன்.

அண்ணி அந்தச் சீட்டை வெளிச்சத்தில் திருப்பினார். "இது பேனா. மத்த நாப்பதும் பென்சில்."

"இடைவேளைல நாங்க பென்சில் கொடுப்போங்க," என்றார் ஆப்பரேட்டர். "பேனாவெல்லாம் பையோட உள்ளே போயிடுமே."

"டீச்சருங்க தூங்கும்போதுகூடப் பேனா வெச்சிருப்பாங்க," என்றேன் நான்.

"இருக்கும்." அண்ணி சீட்டைக் கீழே வைத்தார். "ஆப்பரேட்டர், அந்தப் படத்தை எங்களுக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டணும். அன்னிக்கு எப்படி ஓட்டினீங்களோ அப்படியே. ஒரு நிமிஷம்கூட மாத்தாம."

ஆப்பரேட்டர் ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு மேலே ஏறினார். மத்தியானம் இரண்டு மணிக்கு, அறுபது நாற்காலிகளில் இரண்டில் மட்டும் ஆள் உட்கார, விளக்கு அணைந்தது.

வேலைக்காகத்தான் உட்கார்ந்தேன். பத்தாவது நிமிஷத்தில் வேலையை மறந்தேன். பனி மூடிய மலைமேல் ஒரு பெரிய வீடு. பூட்டிய அறைக்குள் வீட்டுக்காரர் செத்துக் கிடக்கிறார். எனக்குத் தெரியாத மொழி. கீழே எழுத்து ஓடுகிறது. எழுத்தைப் படித்தால் முகத்தை விட்டுவிடுவோம், முகத்தைப் பார்த்தால் எழுத்தை விட்டுவிடுவோம். அந்தத் தவிப்பிலேயே பாதிப் பேரை நான் சந்தேகப்பட்டுவிட்டேன். ஒரு கையுறை தரையில் விழுகிறது. யாரும் எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து அதே கையுறை நாற்காலி மேல் இருக்கிறது. டாக்டர் ஒரு கோப்பைத் தேநீரை இரண்டு தடவை ஆறவிடுகிறார். எதற்கு? தங்கை சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிக்கிறாள். எதற்கு? எனக்குக் கை பரபரத்தது. நம்மை ஏமாற்றப்போகிறார்கள் என்று தெரிந்து, ஏமாற்றட்டும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கொலைகாரன் யாரென்று எனக்கு முன்பே தெரியும். அதனால் சுகம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. வாசல் மணி அடித்தபோதெல்லாம், இதோ கடிகாரக்காரன், இதோ சுவிட்ச் என்று நிமிர்ந்தேன். வந்தது தபால்காரர். அடுத்த தடவை வந்தது பக்கத்து வீட்டுக்காரி. அப்புறம் டிரைவர். வண்டிக் கொட்டகைக்குப் போய், கோட்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒரு டப்பாவுக்குள் திணித்தான். அவன் கண்ணை நெருக்கத்தில் காட்டினார்கள். எனக்கு மூச்சு நின்றது.

விளக்கு எரிந்தது.

"இடைவேளைங்க," என்றார் ஆப்பரேட்டர், மேலிருந்து.

"ஐயோ, இப்பவா விடுவீங்க," என்று எழுந்தேன். "டப்பாக்குள்ள என்ன? போடுங்க, போடுங்க."

அண்ணி அசையவில்லை. "தம்பி, இப்ப ஒரு சீட்டுக் கொடுத்தா யார் பேரை எழுதுவீங்க?"

"டிரைவர்தான். அவன் கண்ணைப் பார்த்தீங்களா?"

"கடிகாரக்காரனை?"

"அவன் இன்னும் வரவே..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். அறுபது நாற்காலியும் என்னையே பார்ப்பது போல இருந்தது.

ஆப்பரேட்டர் நோட்டோடு இறங்கி வந்தார். "அன்னிக்கு ப்ரொஜெக்டர் ரொம்ப சூடாயிடுச்சுங்க. வழக்கமா பாதிப் படத்துல, எழுபதாவது நிமிஷம் விடுவேன். அன்னிக்கு ஐம்பத்தஞ்சுலயே விட்டுட்டேன். பாருங்க, எழுதி வெச்சிருக்கேன். பத்து மூணுக்கு ஆரம்பம், பத்து ஐம்பத்தெட்டுக்கு இடைவேளை."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையேங்க."

நாற்பது பேர் இந்த விளக்கு வெளிச்சத்தில் பென்சிலை வாங்கி, சற்று முன் பார்த்த கண்களை நம்பி எழுதியிருக்கிறார்கள். நாற்பத்தோராவது ஆள், இன்னும் திரைக்கு வராத மனிதன் இன்னும் போடாத விளக்கைப் பற்றி, பேனாவால் எழுதியிருக்கிறார். பெட்டி கவுண்டர் பக்கத்தில். கதவு சாத்தி இருட்டானதும் கவுண்டரில் ஆள் கிடையாது. வெளியே போகிற போக்கில் போட்டுவிட்டுப் போகலாம்.

"பரிசு கொடுத்தபோது டீச்சர் இருந்தாங்களா?" என்றார் அண்ணி.

"முன்னாடி வந்து வாங்கினாங்களே. எல்லாரும் கை தட்டினோம்."

"மீதிப் படம்?" என்றேன் நான், சிறு குரலில்.

"கிளம்புங்க தம்பி."

*

டீச்சர் வீட்டுக்குப் போகும்போது சாயங்காலம் ஐந்து மணி. சின்ன முன்னறை. விடைத்தாள் கட்டுகள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. சுவர்க் கடிகாரம் என் கைக்கடிகாரத்தோடு நொடி மாறாமல் ஓடியது. எனக்கு அந்த அறையில் எல்லாமே சந்தேகமாக இருந்தது. கடிகாரம்கூட எங்களுக்காக வேஷம் போடுவது போல இருந்தது. ஐந்து மாதம் முன்பு ஒரு கல்யாணப் புரோக்கர் என்னை ஏமாற்றியதற்குப் பிறகு இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. காலையில் பாவம் என்று சொன்னவன் நான்.

அண்ணி உட்கார்ந்தார். "டீச்சர், அந்த சுவிட்ச் காட்சி எத்தனாவது நிமிஷம் வருது?"

"அறுபத்து மூணு," என்றார் டீச்சர், யோசிக்காமல்.

"அன்னிக்கு ப்ரொஜெக்டர் சூடாயிடுச்சு. ஐம்பத்தஞ்சுலயே இடைவேளை விட்டுட்டாங்க."

டீச்சரின் உதடு லேசாக அசைந்தது. கழித்துப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"எட்டு நிமிஷம்," என்றார்.

அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். முகத்தில் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"படம் நூத்தி நாப்பது நிமிஷம். பாதின்னா எழுபது. அறுபத்து மூணு அதுக்குள்ள வந்துடுது. சரியாத்தானே போட்டேன்."

"உங்க கணக்கு சரி டீச்சர். ப்ரொஜெக்டருக்குத்தான் கணக்கு வரலை," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப அந்தப் படத்தை ரெண்டு தடவை பார்த்தேன்," என்றார் டீச்சர். "முதல் தடவை ஏமாறுறதுக்கு. ரெண்டாவது, எப்படி ஏமாத்தினாங்கன்னு பார்க்கிறதுக்கு. ஞாயித்துக்கிழமை அந்தப் படம்னு தெரிஞ்சப்பதான் இந்த எண்ணமே வந்தது. பதினொன்றரைக்குத் திரும்பி வந்து, கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே பின்பாதியைப் பார்த்தேன். அப்பவும் படம் சுகமாத்தான் இருந்தது. அதை நெனச்சாத்தான் எனக்கே கேவலமா இருக்கு."

"நீங்க வேற யார் பேரையாவது எழுதிப் போட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்," என்றார் அண்ணி.

"தெரிஞ்சுகிட்டே தப்பா எழுதறதா?"

அதைக் கேட்டபோது அவர் குரலில் இருந்த அதிர்ச்சி பொய்யில்லை. முத்திரையைப் பிரித்தவர், பொய் சாட்சி செய்தவர், எங்களை வைத்தே பொய்க்கு முத்திரை குத்தப் பார்த்தவர். ஆனால் தப்பான விடையை எழுத மட்டும் அவரால் முடியவில்லை.

"கேள்வித்தாளை யாருக்காகப் படம் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"படமா? நான் எதையும் எடுக்கலை." டீச்சர் ஒரு வெள்ளைத் தாளில் முக்கோணம் வரைந்து மூன்று எண்களை எழுதினார். ஐந்து, பன்னிரண்டு, பதினெட்டு. "பதினேழாவது கேள்வி. செங்கோண முக்கோணம். பதிமூணுன்னு இருக்கணும். நான்தான் எழுதிக் கொடுத்தேன், நான்தான் சரிபார்த்தேன், என் கண்ணுலயே படலை. கட்டி முத்திரை வெச்ச அன்னிக்குப் பஸ்ல போகும்போது தெரியுது. அஞ்சையும் பன்னெண்டையும் சேர்த்தாலே பதினேழுதான். அப்படி ஒரு முக்கோணத்தை வரையவே முடியாது."

"அதான் எல்லாருக்கும் அஞ்சு மார்க்..." என்று இழுத்தேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடியும் இப்படித்தான் சொன்னாங்க." அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்பவும் ஒரு கேள்வி தப்பு. ஒரு பொண்ணு, மத்ததெல்லாம் தெரிஞ்ச பொண்ணு, அந்த ஒரு கணக்கையே மணி அடிக்கிற வரைக்கும் போட்டுட்டு இருந்தா. விடை வரலைன்னா தப்பு தன்மேலன்னு நெனச்சுட்டா. எனக்கு வரலை டீச்சர், எனக்கு வரலை டீச்சர்னு அழுதா. அஞ்சு மார்க் எல்லாருக்கும் போட்டாங்க. அவளுக்கு அது பத்தலை. அந்த வருஷத்தோட வீட்ல அவ படிப்பை நிறுத்திட்டாங்க."

அண்ணி, "எட்டை மூணா மாத்தினீங்களா?" என்றார்.

"பிளேடால இடது பக்கம் ரெண்டு சுரண்டு. ஒரு தாளுக்கு இருபது விநாடி. நூத்திப் பன்னெண்டுக்கு முப்பத்தேழு நிமிஷம். முத்திரையை நனைச்சுப் பிரிக்கவும், கட்டை மறுபடி கட்டி ஒட்டவும் மீதி நேரம் போச்சு. பசை காயறதுக்குள்ள வாட்ச்மேன் வந்துட்டார்."

ஆக, திருட்டே நடக்கவில்லை. காலையிலிருந்து நான் சந்தேகப்பட்ட மூணு பேரும் ஒரு தாளைக்கூட எடுத்துப் போகவில்லை. என் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

அண்ணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தார். எங்கள் அலுவலகத்துத் தாள். வரும் வழியில் வண்டியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். என்னவென்று எனக்குக் காட்டவில்லை. இப்போது எட்டிப் படித்தேன். 'ஞாயிறு காலை 10.03 முதல் 12.33 வரை இவர் அரங்கத்தை விட்டு வெளியே செல்லவில்லை என்பது எங்கள் விசாரணையில் உறுதியாகிறது.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"அண்ணி," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி." டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்ட அறிக்கை. இதுல நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு உங்க மேல ஒண்ணும் நிக்காது. சாவி கவுண்டர்லேருந்து போச்சுன்னு முடிவு கட்டுவாங்க. கவுண்டருக்குப் பொறுப்பு ஆப்பரேட்டர். அவர் வேலை போகும், வீடு போகும். இதெல்லாம் தாள்ல இல்லை, நான் வாய்ல சொல்றேன். படிச்சுப் பாருங்க. சரியா இருக்குன்னு நீங்க சொல்லிட்டாப் போதும்."

அண்ணி நிஜமாகவே கையெழுத்துப் போடுவாரா, இல்லையா? எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதற்கு, "மீதிப் படத்தைப் பார்த்துட்டு வாங்க, சொல்றேன்" என்றுவிட்டார்.

டீச்சர் தாளை எடுத்துப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பத்தொன்பது வருஷ வேலை அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. சரி என்று இரண்டு எழுத்துச் சொன்னால் போதும். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் கண் மேஜை மேல் இருந்த, ஆப்பரேட்டர் கொடுத்த பூதக்கண்ணாடிக்குப் போனது, ஜன்னலுக்குப் போனது, மறுபடி தாளுக்கு வந்தது.

பிறகு கை தானாகப் பேனாக் குவளைக்குப் போனது. சிவப்புப் பேனாவை எடுத்தார். அடிஸ்கேலை வைத்து, அந்த வரியை நேராக, பிசிறில்லாமல் அடித்தார். அதற்கு மேலே, '10.10 முதல் 11.25 வரை பள்ளியில் இருந்தேன். முத்திரையைப் பிரித்தது நான்' என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"தப்பா இருக்கிறதை எப்படி அப்படியே விடறது," என்றார், எங்களிடம் மன்னிப்புக் கேட்பது போல.

பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "இதை ஆப்பரேட்டர்கிட்டயே கொடுத்துடுங்க. யாரு நிஜமா சரியா எழுதினாங்களோ அவங்களுக்குப் போகட்டும்."

"யாருமே எழுதலை டீச்சர்."

"அப்ப பெட்டியிலயே இருக்கட்டும்."

அண்ணி தாளை மடித்துப் பையில் வைத்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு நாங்களும் வர்றோம். கட்டைப் பிரிச்சு, பதினேழாவது கேள்வியை எல்லாரும் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்னு சொல்வேன். அதுக்கு மேல என் கையில இல்லை. வேலை போகலாம்."

"போகலாம்," என்றார் டீச்சர். வாசல்வரை கூடவே வந்தார். நாங்கள் படி இறங்கத் தொடங்கிய பிறகு மேலிருந்து மறுபடி குரல் வந்தது.

"ஒரு சின்ன விஷயம். கட்டைப் பிரிக்கும்போது நான் பக்கத்துல இருக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க. எழுபத்து நாலாவது தாள்ல கை கொஞ்சம் வழுக்கிடுச்சு. அதைச் சரி பண்ணணும்."